நூறு என்று அச்சடித்த கார்டு

கைபேசிக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒன்று கேட்கிறேன். "மெமரி கார்டு இருக்கா?" என்று ஒருவர் வந்து நின்றால் உங்கள் கை எங்கே போகிறது? நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குத்தானே? என் கையும் இருபது வருடத்துக்கு மேல் அங்கேதான் போனது. ஈப்போவில் மூன்று கடைகளில் நின்றிருக்கிறேன். போன வருடம் என் முழங்கால் இனிமேல் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். சும்மா உட்கார்ந்தால் யாரையாவது திட்டத் தோன்றுகிறது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கார்டின் மேல் இருக்கும் குட்டிக் குட்டி எழுத்துகளை நீங்கள் பயிற்சியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். வட்டத்துக்குள் பத்து, கிண்ணம் மாதிரி ஒரு வளைவுக்குள் ஒன்று அல்லது மூன்று, 'வி' எழுத்தோடு முப்பது, 'ஏ' எழுத்தோடு ஒன்று அல்லது இரண்டு. நான் அதையெல்லாம் மறுபடி பாடம் எடுக்கப் போவதில்லை. மனப்பாடம் செய்தவர்கள்தான் பெரிய தப்புகளைச் செய்கிறார்கள் என்பதற்கு நானே சாட்சி.

உதாரணத்துக்கு லகாட்டிலிருந்து வந்த ஒரு பையன். சாப்பாடு டெலிவரி செய்கிறவன். "இருக்கிறதிலேயே டாப்பு கார்டு குடுங்கக்கா" என்றான். நானும் வீடியோக்காரர்கள் வாங்கும் உயர்ந்த கார்டைக் கொடுத்தேன். அவன் ஆப்களையெல்லாம் அதற்குள் மாற்றிவிட்டான். வீடியோ என்பது ஒரே நீளமாக எழுதுவது. ஆப் அப்படியில்லை, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று ஆயிரம் இடத்தில் தேடி எடுக்கும். அதற்குத்தான் அந்த 'ஏ' எழுத்து, அது அந்தக் கார்டில் இல்லை. மூன்று நாள் கழித்து வந்து, "அக்கா, மேப் தொறக்குறதுக்குள்ள மீ சாப்பாடெல்லாம் ஆறிப் போகுதுக்கா, கஸ்டமர் என்னைத்தான் ஏசுறாங்க" என்று புலம்பினான். மாற்றிக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே போனான். அந்தத் தப்பை நானும் சிரித்து மறந்துவிட்டேன். மறக்காமல் இருந்திருந்தால் அடுத்ததைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு சனிக்கிழமை. அந்த நேரத்தில் நம் கடைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கவுண்டருக்கு முன்னால் மூன்று வரிசை. ஒருவருக்குக் கவர், ஒருவருக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டும், இன்னொருவர் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதியது கேட்கிறார். நடுவில் ஒரு பெண், இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். பெயர் ஷாலினி என்று வாரண்டித் தாளில் எழுதினாள். பீடோரிலிருந்து வந்திருந்தாள்.

"அக்கா, அப்பாவ வீடியோ எடுக்கணும். போன்ல இடமே இல்ல. நல்ல கார்டா பாத்து குடுங்க."

"பெரிசா வேணுமா சின்னதா?"

"பெரிசு. நெறைய பேசுவாரு. நாளைக்கு வார்டுல சேக்கணும் அக்கா. தொண்டையில ஆப்பரேஷன். குரல் பெட்டியவே எடுத்துருவாங்களாம். அதுக்கப்புறம் அவரால பேச முடியாது. இன்னிக்கு நாலு மணிக்கு எடுக்கப் போறோம்."

இதையெல்லாம் அவள் தெளிவாகத்தான் சொன்னாள். என் காதிலும் விழுந்தது. ஆனால் அதே நேரத்தில் பக்கத்தில் ஒருவர் கவரின் நிறம் சரியில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் திறந்து, நிறைய இடம் உள்ள கார்டு ஒன்றை எடுத்தேன். அட்டையில் கட்டை எழுத்தில் நூறு என்று அச்சடித்திருந்தது.

"இது வேகமா அக்கா?"

"வேகம்லா. பாரு, நூறு போட்டிருக்கு."

இத்தோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அனுபவசாலி அல்லவா, ஒரு புத்திமதி வேறு சொன்னேன். "எடுக்கும்போது போன ஏரோப்ளேன் மோடுல போட்டுரு. நடுவுல கால் வந்தா கெட்டுப் போயிரும்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ்க்கா, பீடோர் பக்கம் வந்தா ஜம்புக்கொய்யா விக்கிற மணியம்னு கேளுங்க, அதுதான் எங்கப்பா, நல்ல கொய்யாவா குடுப்பாரு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இரண்டு மணி தாண்டி சேகர் சாப்பிட்டு வந்தான். பழுது பார்க்கும் மேசையில் இருந்தவன், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், இரண்டு பிள்ளைக்கு அப்பன். கவுண்டரில் கிடந்த காலி அட்டையை எடுத்துப் பார்த்தான்.

"இத யாருக்கு குடுத்தீங்க?"

"ஒரு பொண்ணு. அப்பாவ வீடியோ எடுக்கணும்னுச்சு."

"என்ன போனு?"

சொன்னேன். அவள் போன் புதியது. நானே கையில் வாங்கிப் பார்த்திருந்தேன். வீடியோவை இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் வைத்திருந்தாள்.

"அக்கா, இந்த நூறு படிக்கிற வேகம். எழுதுற வேகம் இல்ல. இதுல வட்டத்துக்குள்ள பத்து மட்டும்தான் இருக்கு. அந்தத் தரத்துல எடுத்தா ரெண்டு நிமிஷமோ நாலு நிமிஷமோ, அப்புறம் தானா நின்னுரும். இது உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. இதையே நான் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். போன் அனுப்புகிற வேகத்துக்குக் கார்டு எழுத முடியாவிட்டால், கொஞ்ச நேரம் போன் தன் கையிலேயே வைத்துச் சமாளிக்கும், பிறகு கையை விரித்துவிடும். அட்டையில் பெரிதாகப் போடுவது விற்பதற்கான எண். குறைந்தபட்சம் எவ்வளவு வேகத்தில் விடாமல் எழுதும் என்பதைச் சொல்கிற அடையாளம் ஓரத்தில் சின்னதாக இருக்கும். எல்லாம் தெரிந்தும், கூட்டத்தில் என் கண் பெரிய எழுத்துக்குத்தான் போனது.

அப்போதுதான் அவள் சொன்ன மற்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து உறைத்தன. நாளைக்கு வார்டு. அதுக்கப்புறம் பேச முடியாது.  வாரண்டித் தாளில் இருந்த நம்பருக்கு அடித்தேன். முதல் தடவை மணி அடித்தது, எடுக்கவில்லை. கார் ஓட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து அடித்தேன், தொடர்பே இல்லை. செய்தி அனுப்பினேன். ஒரு டிக்கோடு நின்றது. நான் சொன்ன புத்திமதியை அந்தப் பெண் உடனே செய்துவிட்டாள் என்று புரிந்தது.

செய்தி மட்டும் போயிருந்தால் விஷயம் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். வீடியோத் தரத்தைக் குறைத்து வை என்று ஒரு வரி. அந்தக் கார்டே போதுமாக இருந்திருக்கும். தம்பி தங்கைகளே, இதைக் கவனியுங்கள், கார்டைத்தான் மாற்ற வேண்டும் என்றில்லை.

தவுக்கேயிடம் போய் நின்றேன். முதலாளி கந்தோனீஸ் பேசும் சீனர், கோபம் வந்தால் மலாயில் திட்டுவார். தீபாவளிக் கூட்டத்தில் கவுண்டரை விட்டுப் போகிறேன் என்றதும் அவர் முகம் சிவந்தது. விஷயத்தைச் சொன்னேன். குரல் பெட்டி என்பதற்கு மலாய்ச் சொல் அந்த நேரத்தில் வரவில்லை, என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் சாவியை எடுத்து உயர்ந்த கார்டுகள் இருக்கும் பெட்டியைத் திறந்து, 'வி' முப்பது போட்ட ஒன்றை என் கையில் வைத்தார். "பெர்கி லா. செப்பாட்!" என்றார். போய்த் தொலை, சீக்கிரம் என்று அர்த்தம். அவரைப் பற்றி முணுமுணுத்த அத்தனையையும் அன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ஈப்போவிலிருந்து பீடோர் ஒரு மணி நேரம்கூட இல்லை. அன்றைக்குக் காம்பார் வருவதற்குள்ளேயே வானம் பொத்துக்கொண்டது. துடைப்பான் இரண்டும் தோற்றுப்போயின. அதற்கப்புறம் எங்கேயோ ஒரு லோரி சாய்ந்து கிடக்கிறது என்று நெடுஞ்சாலை முழுக்க ஜாம். கார் நகரவில்லை. மணி மூன்றரை, மூன்றே முக்கால், நாலு. ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துப் பார்ப்பேன், அதே ஒரு டிக். இப்போது அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், இப்போது பேச ஆரம்பித்திருப்பார், இப்போது நின்றிருக்கும் என்று என் மனம் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. முன்னால் நின்ற காரைப் பார்த்துக் காரணமே இல்லாமல் ஹார்ன் அடித்தேன்.

உங்களிடம் மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். அந்த ஜாமில் நான் ஒரு பொய்யும் தயார் செய்தேன். "கம்பெனியில இந்த செட் கார்டு கெட்டது, ரோசாக்குன்னு சொல்லிட்டாங்க, அதான் மாத்த வந்தேன்" என்று சொல்லிவிடலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் பெயரும் கெடாது. சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

பீடோர் போய்ச் சேரும்போது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். மழை விட்டிருந்தது. சாலையோரக் கொய்யாக் கடைகளில் ஒன்றில் விசாரித்தேன். "மணியம் அண்ணனா? அவரு கூப்புட்டா ரோட்டுல போற காடி தானா நிக்கும் லா, இப்ப அந்தக் குரலுதான்…" என்று அந்த அம்மாள் பாதியில் நிறுத்திவிட்டு வழி காட்டினாள். ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வரிசை வீடுகளோடு தாமானாகிவிட்ட இடம். மூலையில் அவர்கள் வீடு.

கதவைத் தட்டியதும் ஷாலினிதான் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா! நீங்க எங்க இங்க? இப்பத்தான் முடிஞ்சுச்சு. முப்பத்தஞ்சு நிமிஷம் பேசிட்டாரு!"

கொய்யாப் பழக்கூடை இரண்டை அடுக்கி அதன் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். படம் நன்றாக வர வேண்டும் என்று பின் பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறாள். அதனால் திரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாருமே திரையைப் பார்க்கவில்லை. எதிரே நாற்காலியில் மணியம் அண்ணன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், வியர்த்து, களைத்து, சந்தோஷமாக இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வெந்நீர் டம்ளரோடு நின்றிருந்தார். நான் போனை எடுத்துப் பார்த்தேன். எழுதும் வேகம் போதவில்லை, பதிவு நின்றுவிட்டது என்று ஒரு சின்ன அறிவிப்பு. பதிவின் நீளம் நாலு நிமிடம் பத்து வினாடி.

தயார் செய்து வைத்திருந்த பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. அந்த மனிதர் என்னைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவளை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. அவருக்கு முன்னால் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"நின்னு போச்சும்மா. நாலு நிமிஷம்தான் வந்திருக்கு. நான் குடுத்த கார்டு தப்பு. பாக்காம குடுத்துட்டேன். என் தப்பு."

ஷாலினிக்கு முதலில் புரியவில்லை. போனைப் பிடுங்கி ஓட்டிப் பார்த்தாள். அவர் தன் சின்ன வயதைப் பற்றி ஆரம்பிக்கிறார், முதல் தடவை கொய்யா விற்கப் போன கதைக்கு வருகிறார், நடுவில் அறுந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது.

"வேகமான்னு கேட்டேன்ல அக்கா? நூறுன்னு சொன்னீங்கல்ல? அப்பா இனிமே எப்படிப் பேசுவாரு? டாக்டர் ரொம்பப் பேச வேணாம்னு சொல்லியும் பேசினாரு!"

"ஆமாம்மா, நீ கேட்ட. நான்தான் சொன்னேன்" என்றேன். அவள் உட்கார்ந்து அழுதாள். அவள் அம்மா அழவில்லை, "நீங்களே அவ்வளவு தூரத்துலேருந்து வந்தீங்களே" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் வலித்தது.

அழுதுகொண்டே நிற்பதற்கு அங்கே நேரமில்லை. பழைய கார்டைக் கழற்றி ஒரு தாளில் மடித்து அம்மாவிடம் கொடுத்தேன். அதில் இருக்கும் நாலு நிமிடத்தை யாரும் தொட வேண்டாம் என்றேன். புதிய கார்டைப் போட்டேன். அதோடு நிற்காமல் வீடியோத் தரத்தையும் இரண்டு படி இறக்கினேன். நல்ல கார்டுதானே என்று நம்பிக்கொண்டிருக்க எனக்குத் தைரியமில்லை. முகம் கொஞ்சம் மங்கினால் மங்கட்டும், குரல் வந்தால் போதும். அம்மாவின் போனையும் வாங்கி, குரல் மட்டும் பதிய மணியம் அண்ணன் மடியில் வைத்தேன். பத்து வினாடி எடுத்து, ஓட்டிக் கேட்டேன். மறுபடி எடுத்துக் கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, கொஞ்சம்தான் முடியும். முழுசும் வேணாம். எது ரொம்ப வேணுமோ அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

 அவரிடமிருந்து காற்று மாதிரி ஒரு சொல் வந்தது. "பரியம்."

ஷாலினிக்குத் தை மாதத்தில் பரியம் போடுவதாகப் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பரிசப் பணமும் சேலையும் வைத்த தட்டோடு வந்து உட்கார்ந்ததும், சபை முன்னால் பெண்ணின் அப்பா மூன்று தடவை சொல்ல வேண்டும்: பரியம் எங்களுது, பொண்ணு உங்களுது. அதைச் சொன்னால்தான் கொடுத்ததாகக் கணக்கு.

"அத உங்க தம்பி சொல்லிக்குவாருங்க" என்றார் மனைவி. அவர் தலையை ஆட்டி மறுத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். வெந்நீரை ஒரு மடக்குக் குடித்தார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், நான் பொத்தானை அழுத்தினேன்.

"பரியம் எங்களுது… பொண்ணு உங்களுது."

கரகரப்பாக இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. திரையில் வினாடி ஓடிக்கொண்டிருந்தது. 

"பரியம் எங்களுது… பொண்ணு உங்களுது."

இரண்டாவது தடவைக்கே குரல் பாதியாகிவிட்டது. நிறுத்தி, கண்ணை மூடி, மூச்சை இழுத்தார். ஷாலினி சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் கண்ணைத் திறந்து, கேமராவை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"பரியம் எங்களுது… பொண்ணும்… எங்களுதுதான்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் நிறுத்தி, அங்கேயே ஓட்டிக் காட்டினேன். மூன்றும் இருந்தன. இன்னொரு தடவை சரியாக எடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவரிடம் குரல் இல்லை. மறுநாள் வார்டில் சேர்ந்தார்.

தொலைந்துபோன முப்பத்தொரு நிமிடத்தில் அவர் என்ன பேசினார் என்று ஷாலினி நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அது குரல் ஆகாது.  நீங்கள் கவுண்டரில் நிற்கும்போது எத்தனை வரிசை நின்றாலும் நிற்கட்டும், கவர்க்காரர் கத்தட்டும். "என்ன எடுக்கப் போறீங்க, எப்ப எடுக்கப் போறீங்க, திரும்ப எடுக்க முடியுமா?" இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறங்கள். தப்புச் செய்துவிட்டால் போய்ச் சொல்லுங்கள், காரணம் தேடாதீர்கள்.

தை மாதம் பரியத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போக வெட்கமாக இருந்தது, இருந்தாலும் போனேன். மணியம் அண்ணன் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு சபையில் உட்கார்ந்திருந்தார். தட்டு வைத்ததும் ஷாலினியின் சித்தப்பா ஒலிபெருக்கிப் பெட்டியில் போனை இணைத்தார். ஓடி முடிக்கும்வரை வேலை செய்யுமா என்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

முதல் தடவை குரல் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்ததும் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கிவிட்டது. சித்தப்பா தர்மசங்கடத்தோடு, "மூணாவது மட்டும் நான் சொல்லிறட்டுமா?" என்று மாப்பிள்ளையின் அப்பாவைக் கேட்டார். சபை அந்தச் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தது. மணியம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். எழுந்து வந்து மணியம் அண்ணனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"பொண்ணு உங்களுதுதான் சம்பந்தி. பையனையும் நீங்களே வச்சுக்குங்க."

மணியம் அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வராது என்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் அந்த மனிதரின் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.